சோறு அன்லிமிடெட், பொரியல் ஒரு கரண்டி

நேரமில்லை என்பது சாக்கு. காசில்லை என்பது அதைவிடப் பெரிய சாக்கு. மனசு வைத்தால் யார் வேண்டுமானாலும் நல்லபடியாகச் சாப்பிடலாம். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ‘க்ளீன் ஈட்டிங்’ சொல்லித்தருகிறவர்கள் ஆளுக்கொரு சமையல் செய்தாலும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். வெள்ளை அரிசி விஷம், வெள்ளைச் சர்க்கரை விஷம், மைதா விஷம், ரீஃபைண்டு எண்ணெய் விஷம், பாக்கெட் பால் விஷம். ராத்திரியே ஓட்ஸை ஊறவையுங்கள், மேலே சியா விதையைத் தூவுங்கள், ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், முப்பதே நாளில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் தப்பு உங்கள் மேல்.

இது இப்போது ரீல்ஸோடு நிற்பதில்லை. கம்பெனியில் நடக்கும் ஆரோக்கிய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஹெச்.ஆர். சொல்கிறார், ஜிம் மாஸ்டர் சொல்கிறார், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அத்தை பையனும் சொல்கிறான். இவ்வளவு பேர் சொல்வதாலேயே இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் போதனை சத்துக் கணக்கிலும் தப்பு, ஊர் நிலவரத்திலும் தப்பு. இரண்டில் ஊர் நிலவரத்தை முதலில் பார்த்துவிடலாம்.

சிங்கப்பெருமாள் கோவில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. வடக்கே மறைமலை நகர், தெற்கே மகேந்திரா சிட்டி, இன்னொரு பக்கம் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரியும் ரோடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள், உதிரிபாகம் என்று கம்பெனிகள்தான். விடிவதற்கு முன்னால், முதல் ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்தில், ஒரகடம் ரோடு முனையில் நின்று பாருங்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் பை, கண்ணில் பாதித் தூக்கம். டீக்கடையில் முதல் ஈடு வடை அப்போதுதான் எண்ணெயில் விழுந்திருக்கும். ஒரு டீ, ஒரு பன், கையில் காகிதத்தோடு ஒரு வடை. பஸ் ஹாரன் அடித்ததும் பாதி டீ கிளாஸிலேயே நின்றுவிடும். இதுதான் இந்தத் தடத்தின் காலை உணவு. இதைப் பார்த்துவிட்டு ‘மைதா, எண்ணெய், சர்க்கரை, மூன்று விஷமும் ஒரே கையில்’ என்று ஒரு ரீல் போடலாம். கேமராவைச் சற்றுத் தள்ளி அவர்கள் தங்கும் அறைக்குக் கொண்டுபோனால் கதை வேறு.

ஒரு அறையில் நாலைந்து பேர். பாதிப் பேர் தென் மாவட்டம், மீதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். வீட்டுக்காரர் போடும் முதல் கண்டிஷன், இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கக் கூடாது. கரண்ட் பில் எகிறும். பல அறைகளில் சமையல் மேடை என்று எதுவும் கிடையாது. ஊறவைத்த ஓட்ஸுக்கு முதலில் வேண்டியது ஓட்ஸே கிடையாது, ஃப்ரிட்ஜ். செங்கல்பட்டுப் பக்கத்து மே மாத ராத்திரியில் பாலில் ஊறவைத்த எதையும் வெளியே வைத்தால், விடிகாலையில் அது டயட் இல்லை, வயிற்றுப்போக்கு.

அடுத்தது, ஏழு மணிக்குள் சாப்பாடு. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் முதல் ஷிஃப்ட், அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்து நைட். இரண்டாவது ஷிஃப்ட்காரர் ஏழு மணிக்கு லைனில் நிற்கிறார். நைட் ஷிஃப்ட்காரருக்குச் சாப்பாடே நள்ளிரவுக்கு மேல்தான். நடுராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலில் இருப்பதைவிடக் குறைவு. பகலில் சாப்பிட்ட அதே சாப்பாடு ராத்திரியில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். இது மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இலேயே இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்தது. 2019-இல் மறுபடி பார்த்துவிட்டு அதை உறுதிசெய்தது. இதற்கெல்லாம் சியா விதையில் மருந்து இல்லை. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை கொண்டுபோக வழிசெய்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த வருஷம் இந்தப் பகுதிக்கு வந்த மிகப் பெரிய டயட் செய்தி அதுதான் என்பேன்.

‘சரி, நேரத்தை விடுங்கள், அரிசி கெடுதல்தானே’ என்று கேட்பார்கள். இங்கேதான் சத்துக் கணக்கு இடிக்கிறது.

சர்க்கரை நோயைப் பற்றி நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023-இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். ஆகவே பயம் நியாயமானது. 2025-இல் அதே ஆய்வின் உணவுப் பகுதி வெளியானது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இது மிக அதிகம். இதுவரை ரீல்ஸ்காரர்கள் கைதட்டலாம். அடுத்து வருவதுதான் அவர்கள் காதில் விழாத பகுதி. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவுக்குக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர், முட்டை மாதிரியான புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைவாகத் தெரிந்தது. அதாவது, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வரகரிசித் தட்டை இழுத்துக்கொள்வதால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன், பி வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பிற்பாடு அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சோறே பெரும்பகுதியாக இருந்த வங்காள, சென்னை மாகாணச் சாப்பாடு கடைசி வரிசையில் நின்றது. ‘பாட்டி காலத்துச் சாப்பாடு சுத்தமானது’ என்று உருகுகிறவர்கள் இந்த எலிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி காலத்தில் பெரும்பாலான வீடுகளில் பாலும் பருப்பும் காயும் அரிதாகத்தான் தட்டுக்கு வந்தன. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி ஆட்டம் போட்டபோது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும். இன்று விஷம் என்று பேர் வாங்கியிருக்கும் அந்தப் புழுங்கலரிசிதான் அன்று காப்பாற்றியது.

குன்னூரின் அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2024 மே மாதம் அவர்கள் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி, பழம் 100 கிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அரிசியை அவர்கள் ஒழிக்கச் சொல்லவில்லை. அவகாடோ பற்றியும் பேச்சில்லை.

இப்போது இந்தக் கணக்கை ரேஷன் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். ஆளுக்கு நாளொன்றுக்கு 165 கிராம் சொச்சம் வருகிறது. துவரம்பருப்பு ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். ஆளுக்கு எட்டு கிராம். எண்பத்தைந்துக்கு எட்டு. இலவச அரிசியைக் குறை சொல்லவில்லை. அதைக் கேலிசெய்கிறவர்கள் பசி பார்க்காதவர்கள். ஆனால் அரிசி கையில் வந்து விழுகிறது, பக்கத்தில் வைப்பதை எல்லாம் தேடிப்போய் வாங்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அதிலும் ஒரகடத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு அந்த எட்டு கிராமும் இல்லை. அட்டை ஊரில், அம்மாவிடம் இருக்கிறது.

இந்தத் தடத்தில் எந்த மெஸ்ஸுக்குப் போனாலும், பெரும்பாலான கான்டீன்களிலும், சட்டம் ஒன்றுதான். சோறு அன்லிமிடெட். சாம்பார் கேட்டால் கிடைக்கும்; கரண்டியை அடிவரை விட்டால்தான் பருப்பு தட்டுப்படும். பொரியல் ஒரு கரண்டி, அதுவும் குட்டிக் கரண்டி. முட்டைக்கு டோக்கன். கோழிக்கு வாரத்தில் ஒரு நாள், எண்ணிப் போடும் துண்டு. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர் வயிறு நிறையாமல் எழுந்திருக்க முடியாது. எது எண்ணாமல் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் நிரப்புவார். இரண்டாம் முறை சோறு, மூன்றாம் முறை சோறு, ரசம் ஊற்றி ஒரு வாய், மோர் ஊற்றி ஒரு வாய். 62 சதவீத மாவுச்சத்து என்று ஆய்வறிக்கையில் எண்ணாக நிற்பது நம் ஊரில் உருவாகும் இடம் இதுதான். தட்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசி, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குக் கான்டீன் கான்ட்ராக்டைக் கொடுத்தால், அவர் எதில் மிச்சம் பிடிப்பார்? சோற்றில் இல்லை. அது மலிவு. பக்கத்தில் வைப்பதில்தான் பிடிப்பார். இந்த ஏற்பாட்டின் முன்னால் நிற்கும் ஆளிடம் ‘சோற்றைக் குறைத்துக்கொள், மன உறுதி வேண்டும்’ என்று சொல்வதைப் போதனை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

ரீல்ஸ் சாமான்கள் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடுகிறேன், அதிகம் நிற்கத் தேவையில்லை. நாட்டுச்சர்க்கரையும் கரும்பிலிருந்து வந்த சர்க்கரையே. இரும்பு கொஞ்சம் இருக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணெய் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். உடம்பை ‘டீடாக்ஸ்’ செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. ‘ஏ2 பால்’ என்று பாக்கெட்டில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் உத்தரவு போட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் சில நாள் இடைவெளியில் அறிவியல் மாறவில்லை. உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது இந்துப்பு. தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு விளைகிற இந்த மாநிலத்தில்தான் அயோடின் உப்புப் பயன்பாடு நெடுங்காலமாகப் பின்தங்கிக் கிடந்தது. இப்போது காசு உள்ள வீடுகளும் அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறுகின்றன, ஆரோக்கியம் என்ற பேரில். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் சன்னிதியில் மட்டும் குயினோவாப் பொங்கல் இன்னும் நைவேத்தியத்துக்கு வரவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘ராத்திரியே ஊறவையுங்கள்’ என்கிற வாக்கியத்தில் ஊறவைப்பது யார்? பெரும்பாலான வீடுகளில் பதில் தெரியும். கணவருக்கு மாவுச்சத்து குறைவாக ஒன்று, பிள்ளைக்கு வழக்கம் போல இட்லி, மாமியாருக்குச் சர்க்கரைக்கு ஏற்ற கேழ்வரகுக் கூழ். இவ்வளவையும் முடித்துவிட்டு அவளும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அவள் தட்டில் மிஞ்சுவது எல்லாருடைய மிச்சமும். மின்னணுக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள். அவர்களில் பலருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு வேண்டியது கீரை, முட்டை, மீன், பருப்பு. ஒரு வேளையைத் தவிர்க்கும் விரதம் வேண்டவே வேண்டாம். ஆனால் பதினாறு மணி நேரம் பட்டினி இருந்தால் மெலியலாம் என்கிற வீடியோ போய்ச்சேருவது இவர்கள் போனுக்குத்தான்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சமூக ஊடகம் இல்லாவிட்டால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க இத்தனை பேர் கற்றிருக்க மாட்டார்கள் என்கிறார்கள். உண்மை. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் பேச்சு அடங்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் கம்பெனி சேர்க்கும் சர்க்கரையைக் குறைத்தது. 2024 ஏப்ரலில், இணையக் கடைகள் இந்த மாதிரி பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் சொன்னது. இந்தச் சம்பவம் என் பக்கத்துக்குத்தான் சாட்சி. அந்த வீடியோ ‘அம்மாக்களே, உங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்லவில்லை. டப்பாவுக்குள் சர்க்கரையைப் போட்டவரைக் கேட்டது. போட்டவர் குறைத்தார், வாங்கிய எல்லா வீட்டிலும் குறைந்தது, அந்த வீடியோவைப் பார்க்காத வீட்டிலும்.

நம் தடத்திலேயே இதைவிடக் கசப்பான உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, மறுபடி திறக்க ஜனவரி 12 ஆயிற்று. விடுதிகளில் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களில் சிலவும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது கேட்டது விசேஷமாக ஒன்றும் இல்லை. சாப்பிட்டால் உடம்புக்கு வராத சாப்பாடு. சுத்தமான உணவு என்கிற சொல்லுக்கு இந்தத் தடத்தில் முதல் அர்த்தம் இதுதான். இதை எந்தப் பெண்ணும் மன உறுதியால் தன் தட்டில் மட்டும் தனியாக வரவழைத்திருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. பிள்ளைகள் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று தாய்மார்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்காமல், பள்ளிக்கூடத்திலேயே அடுப்பு மூட்டிய ஊர் இது. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்து, படிப்படியாக ஏறி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் மாறியது கரண்டி பிடித்தவரின் கணக்கு. அதற்குப் பின்னால் பிள்ளைகளின் தட்டு தானாக மாறியது. அந்தச் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த பையன்தான் இன்று ஒரகடத்தில் முட்டைக்கு டோக்கன் வாங்க வரிசையில் நிற்கிறான்.

ஒருவர் தன் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வது நல்லது. வடையில் ஒன்றைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. அதற்கு யாரும் தடையில்லை. அதற்கு மேல் மாற வேண்டியவற்றுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கான்டீனைக் கட்டாயமாக்கியது. உணவு, விலை, கான்டீன் நிர்வாகக் குழு, அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் ஆகியவற்றுக்கு விதி வகுக்கவும் அதிலேயே வழி இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, கான்டீன் வரம்பை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. அந்தக் கான்டீன் குழு உங்கள் கம்பெனியில் இருக்கிறதா, யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று விசாரியுங்கள். கேட்க வேண்டியவை எளிய விஷயங்கள். நைட் ஷிஃப்ட் சாப்பாட்டில் டோக்கன் இல்லாமல் ஓர் அவித்த முட்டை, முட்டை சாப்பிடாதவருக்கு ஒரு கிண்ணம் சுண்டல். பொரியலுக்கு இரண்டாவது கரண்டி. சாம்பாரில் ஆளுக்கு எத்தனை கிராம் பருப்பு என்று கான்ட்ராக்டிலேயே எழுதுவது. அரை மணி இடைவேளை என்றால், லைனை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்தா, தட்டு கைக்கு வந்த நேரத்திலிருந்தா என்பதைத் தீர்த்துக்கொள்வது. கான்டீன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் மாதம் எது என்பதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரேட் பேசி முடித்த பிறகு போய்ப் பருப்பைப் பற்றிப் பேசினால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.